வெள்ளையா, மஞ்சளா? வளவில் பல்பு மாற்றிய பத்து நாள்

"வீடு வீடு மாதிரியே இல்லப்பா. ஆஸ்பத்திரியில படுத்திருக்க மாதிரி இருக்கு." ஆவணியில் ஆத்தா போனில் சொன்னது இது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக வாசல் பக்கத்து முகப்பு, பட்டாலை என்கிற கூடம், திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமுமான வளவு, அடுப்படி என்று வீடு முழுக்க இருந்த குண்டு பல்புகளையும் பழைய டியூப்லைட்டுகளையும் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே நாளில் எல்.இ.டி. மாட்டியிருந்தோம். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று ஐம்பது பல்பு, அத்தனையும் ஒரே ரகம். பெட்டியில் 6500கே, கூல் டேலைட் என்று அச்சடித்திருந்ததை யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, வீடியோக்காரருக்குச் சந்தோஷம், கல்யாணம் முடிந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டோம். அந்த வெளிச்சத்தில் தினமும் உட்கார்ந்திருக்க வேண்டியவர் ஆத்தா ஒருவர்தான்.

புரட்டாசியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். செட்டிநாட்டில் பள்ளத்தூர் பக்கம் எங்கள் வீடு. இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும்படி ஒரே நேராகப் போகும். சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, கையை வைத்தால் இன்னமும் வழுக்கும். தூணும் கூரையும் பர்மாத் தேக்கு, தரை ஆத்தங்குடிக் கல். அறைகள்தான் புள்ளி புள்ளியாக, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாகப் பிரிந்தவை, வளவு எல்லாப் பங்காளிக்கும் பொது. என் அறையில் நான் ஊதா பல்பு போட்டாலும் கேட்க ஆளில்லை. வளவில் ஒரு பல்பை மாற்றினால் சிங்கப்பூரிலிருந்து போன் வரும். வரும் என்று வேடிக்கைக்குச் சொல்லவில்லை, வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடையில் போய் நின்றேன். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "வெள்ளையாண்ணே, மஞ்சளா?" மஞ்சள் என்றேன். 3000கே போட்ட 9 வாட் பல்பு இருபது கொடுத்தார். நம் ஊர்க் கடைகளில் நிறம் என்றால் இந்த இரண்டுதான். நடுவில் 4000கே என்று ஒன்று இருக்கிறது, நேச்சுரல் ஒயிட் என்பார்கள். அது இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அதை யாரும் கேக்குறதில்லண்ணே, சொல்லி வச்சா வரும்" என்றார்.

இந்த 'கே' என்கிற எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கெல்வின் என்பதன் சுருக்கம். கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சினால் முதலில் செக்கச்செவேல் என்று வரும், இன்னும் ஊதினால் மஞ்சள், அதற்கும் மேலே வெள்ளை. அந்த மாதிரி, எவ்வளவு சூட்டில் காய்ந்த பொருள் இந்த நிறத்தில் ஒளிவிடும் என்பதுதான் அந்த எண். மெழுகுவர்த்திச் சுடர் 1900 பக்கம், பழைய குண்டு பல்பு 2700, உச்சி வெயில் 5500 சொச்சம், மேகம் மூடிய வானம் 6500. எண் ஏற ஏற நீலம் கூடும். சூடு கூடின நிறத்துக்குக் கூல் என்றும் குறைந்த நிறத்துக்கு வார்ம் என்றும் பெட்டியில் போட்டிருக்கிறார்களே என்று குழம்ப வேண்டாம். அது கண்ணுக்குத் தோன்றுவதை வைத்து இட்ட பெயர். வாட்டுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெளிச்சம் எவ்வளவு என்பதைச் சொல்வது லுமென். 9 வாட் எல்.இ.டி. ஒன்று 800, 900 லுமென் தரும். அதே வாட்டில் மஞ்சள் பல்பு வெள்ளையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தரும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வளவில் நாலு பல்பையும் மாட்டி சுவிட்சைப் போட்டேன். பார்த்ததும் வயிறு கலங்கியது. சுவரெல்லாம் மஞ்சக்காமாலை பிடித்த மாதிரி இருந்தது. கழற்றிவிடலாம் என்று ஏணியைத் தூக்கினேன். அதற்குள் டீ வந்தது. குடித்துவிட்டு, தெருவில் ஒருவரிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வரும்போது மணி எட்டு. அதே பல்பு, அதே சுவர், இப்போது சந்தனம் பூசின மாதிரி இருந்தது. பல்பு மாறவில்லை, வானம் மாறியிருந்தது. ஆறு மணிக்கு முற்றத்து வழியாக நீல வெளிச்சம் இறங்குகிறது. கண் அதை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு பார்ப்பதால் பக்கத்தில் உள்ள பல்பு மஞ்சளாகத் தெரிகிறது. நன்றாக இருட்டிய பிறகு கண் பல்பையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. முற்றம் வைத்த வீட்டில் பல்பு நிறத்தை அந்தி நேரத்தில் முடிவு செய்யாதீர்கள். இரவு எட்டுக்கு மேல் பாருங்கள்.

எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம். காரியம் முடிந்தது, மிச்சம் ஒன்பது நாளும் சும்மா இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ராத்திரி சாப்பாடு முடிந்து ஆத்தா மாத்திரை டப்பாவைத் திறந்தார்கள். ராத்திரிக்கு இரண்டு மாத்திரை. ஒன்று வெள்ளை, ஒன்று வெளிர் மஞ்சள், அளவு ஒன்றுபோல. உள்ளங்கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு பல்புக்கு நேரே நீட்டினார்கள், அப்புறம் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், அப்புறம் என்னிடம் நீட்டினார்கள். எனக்கும் தெரியவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளையும் வெளிர் மஞ்சளும் ஒன்றுதான். அதேபோல் கருநீலமும் கறுப்பும். ஊசி நூல் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நூல்கண்டில் எது நீலம் என்று ஆத்தாவும் நானும் ஆளுக்கொன்றைக் காட்டினோம். காலையில் முற்றத்தில் வைத்துப் பார்த்தபோது ஆத்தா சொன்னதுதான் சரி. நான் தோற்றேன்.

அப்போதுதான் அந்த வேடிக்கை நடந்தது. மாத்திரையைப் பார்ப்பதற்காக ஆத்தா ஒரு கண்ணை இடுக்கினார்கள். பிறகு மற்றக் கண்ணை. பிறகு மறுபடியும். "ஏப்பா, வலது கண்ண மூடினா மஞ்சளா இருக்கு. இடது கண்ண மூடினா வெள்ளையா இருக்கு. நீ எதைத்தான் மாட்டியிருக்க?"

ஆனியில் மதுரையில் ஆத்தாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. இடது கண் பாக்கி. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறி நீலத்தைத் தடுக்கும், புரை முற்றினால் இன்னும் அதிகம். அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்த கண்ணுக்கு, இத்தனை வருஷம் வராத நீலம் திடீரென்று வருகிறது. அதாவது ஆத்தா ஒரே நேரத்தில் இரண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடிந்து மாதக்கணக்கில் அதே 6500 வெளிச்சத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவர்கள் ஆவணியில் ஏன் ஆஸ்பத்திரி என்றார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தவரை வெள்ளை பல்பு அவர்களுக்கு வெள்ளையாகத் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகுதான் உருப்படியாக வேலை ஆரம்பித்தது. எந்த அறைக்கு எந்த நிறம் என்ற பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு அந்த இடத்தில் யார் உட்காருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எந்தச் சுவரில் பட்டு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். 3000, 4000, 6500 மூன்றிலும் ஒவ்வொரு பல்பு, கூடவே ஒரு நீள ஒயரில் ஹோல்டர். இதுதான் சோதனைக் கருவி. நாலாயிரத்தைச் சொல்லி வைத்து மூன்றாம் நாள் வாங்கினேன்.

அடுப்படியில்தான் அதிக நேரம் செலவழித்தேன். மூன்று பல்பையும் மாற்றி மாற்றிப் பிடித்து, சுளகில் அரிசியைப் பரப்பி ஆத்தாவைக் கல் பொறுக்கச் சொன்னேன். மூன்றாயிரத்தில் பழுப்புக் கல் அரிசியோடு அரிசியாக ஒளிந்துகொண்டது. 6500இல் கல் தெரிந்தது, ஆனால் மிளகாய் வற்றல் செத்த நிறத்தில் கிடந்தது. வெங்காயம் பொன்னிறம் தாண்டிக் கருகப் போவதும் சட்டென்று பிடிபடவில்லை. நாலாயிரத்தில் இரண்டும் சரியாக இருந்தது. இங்கே கெல்வின் மட்டும் போதாது, சி.ஆர்.ஐ. என்று இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். சூரிய வெளிச்சத்திலோ குண்டு பல்பிலோ தெரிகிற நிறத்துக்கு இந்த பல்பு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பது அது. நூறுக்கு நூறு என்றால் முழுப் பொருத்தம். சாதாரண எல்.இ.டி.யில் 80 இருக்கும். அதில் ஒரு சூட்சுமம்: எட்டு வெளிர் நிறங்களின் சராசரிதான் அந்த எண். அடர்சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது. எல்.இ.டி. பல்பின் உள்ளே இருப்பது நீலச் சில்லு. அதன் மேல் பூசிய மஞ்சள் பொடியும் சேர்ந்துதான் வெள்ளையாகிறது. சிவப்பு அதில் எப்போதும் கொஞ்சம் பஞ்சம். மிளகாய் செத்துக் கிடந்ததற்கு அதுதான் காரணம். 90 சி.ஆர்.ஐ. போட்ட நாலடி டியூப் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து மாட்டினேன். மிளகாய் மிளகாயாக ஆனது.

அதைவிட முக்கியமான தப்பு ஒன்று அங்கே இருந்தது. விளக்கு அடுப்புக்கு எதிர்ச்சுவரில், சமைக்கிறவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆத்தா எத்தனையோ வருஷமாகத் தன் நிழலிலேயே சமைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். புது டியூபை அடுப்புக்கு மேலே உள்ள பலகைக்குக் கீழ், முன்விளிம்பில் வைத்தேன். நிறத்தை மாற்றியதைவிட இதற்குத்தான் ஆத்தா சந்தோஷப்பட்டார்கள்.

வளவில் மூன்றாயிரமே நிலைத்தது. தேக்குக்கு அதுதான் பொருந்துகிறது. 6500இல் தூண் சாம்பல் படிந்த மாதிரி நின்றது. தரைதான் இடக்குப் பண்ணியது. ஆத்தங்குடிக் கல்லில் கண்ணாடி மேல் ஊற்றி வார்த்த சிமெண்டுச் சாயம், எங்கள் தரையில் காவிச் சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும். மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு எழும்புகிறது, பச்சை கொஞ்சம் அழுக்கேறின மாதிரி ஆகிறது. இரண்டையும் ஒரே பல்பால் திருப்திப்படுத்த முடியாது. பச்சையை விட்டுக்கொடுத்தேன். பகல் முழுக்க முற்றத்து வெளிச்சம் அதற்கு இருக்கிறதே.

அங்கே பெரிய பிரச்சினை உயரம். கூரை பதினைந்து அடி. பல்பு அங்கே இருந்தால் தரைக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான், ஒரு பங்கை இருட்டுத் தேக்குக் கூரையே விழுங்கிவிடும். ஒயரை நீட்டி ஒன்பது அடிக்குத் தொங்கவிட்டேன். வெளிச்சம் கூடியது, கூடவே கண்கூச்சமும். வழவழப்புச் சுவரில் நாலு பல்பும் நாலு நிலா மாதிரி பிரதிபலித்தன. ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அது முள். மச்சில் தேடியதில் பழைய பால்கண்ணாடி உருண்டைகள் ஐந்து கிடைத்தன, ஒன்று விரிசல். நாலைக் கழுவி மாட்டினேன். எல்.இ.டி.க்குச் சூடு ஆகாது, காற்றில்லாத உருண்டைக்குள் அடைத்தால் சீக்கிரம் போய்விடும். அதனால் 9 வாட்டை எடுத்துவிட்டு 7 வாட் போட்டு, மேல்வாயைத் திறந்தே விட்டேன்.

ஐந்தாம் நாள் ராத்திரி ஒரு பேய்க்கதை. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படுத்தால், வளவின் தெற்குப் பத்தியில், அதாவது தெற்குத் தாழ்வாரத்தில், உள்ள பல்பு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கிறது. வேலைக்கு வரும் அம்மா மறுநாள் காலை அந்தப் பக்கம் பெருக்கவே போகவில்லை. ஒயரிங் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டரை வைத்தார், டெஸ்டர் எரிந்தது. "அண்ணே, பேஸை நேரா பல்புக்கு விட்டுட்டு நியூட்ரலை சுவிட்சுல வெட்டியிருக்காக. அந்தக் காலத்து வேலை." தேக்குச் சட்டத்தில் ஆணி அடித்து இழுத்த பழைய ஒயரிங் அது. பேஸ் என்பது கரண்ட் வரும் ஒயர், நியூட்ரல் அது திரும்பும் ஒயர்; சுவிட்ச் வெட்ட வேண்டியது பேஸை. சுவிட்சை அணைத்தாலும் பல்பு வரை கரண்ட் வந்து நிற்கும். ஒயர்களுக்கு நடுவே கசிகிற துளி கரண்டில் குண்டு பல்பு எரியாது, எல்.இ.டி. மினுங்கிவிடும். போர்டில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்ததும் பேய் போய்விட்டது. எனக்குத்தான் உள்ளுக்குள் நடுங்கியது. நாலு நாளாக சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு அந்த ஹோல்டர்களில் விரல் வைத்துக்கொண்டிருந்தவன் நான். பழைய வீட்டில் பல்பு மாற்றுகிறவர்கள் மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறுங்கள்.

இந்தக் களேபரத்தில் வளவைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டது என் புத்திகெட்ட வேலை. சிங்கப்பூரிலிருந்து பெரியப்பச்சி மகன் உடனே கூப்பிட்டார். "என்ன தம்பி, வளவு இம்புட்டு மஞ்சளா இருக்கு? கல்யாணத்துக்குப் போட்டது நல்லாத்தானே இருந்துச்சு?" சென்னையிலிருந்து ஒரு அண்ணன், "எனக்கு வெள்ளையாத்தானே தெரியுது" என்றார். ஐந்து நிமிஷம் கழித்து நான் எடுத்த இரண்டாவது போட்டோ, அது தனி நிறம். போன் கேமரா தானாகவே நிறத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும், முற்றத்து வானம் படத்தில் கொஞ்சம் விழுந்தாலே கணக்கு மாறிவிடும். வெளிச்சத்தின் நிறத்தைப் போட்டோவில் பார்த்துப் பஞ்சாயத்துப் பண்ணுவது, சாம்பார் ருசியைப் படத்தில் பார்ப்பது போலத்தான். கடைசியில், "பொங்கலுக்கு எல்லாரும் வாங்க, உக்காந்து பாத்து முடிவு பண்ணிக்கிருவோம். பிடிக்கலைன்னா பழசு பெட்டியில பத்திரமா இருக்கு" என்று சொன்ன பிறகு அடங்கினார்கள்.

பட்டாலையில் கொஞ்சம் அதிகப் புத்திசாலித்தனம் காட்டிப் பார்த்தேன். சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வெள்ளை, நடு, மஞ்சள் என்று மாறும் மூன்று நிற பல்பு. இரண்டு போட்டேன். இரண்டே நாளில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒன்று வெள்ளையிலும் ஒன்று மஞ்சளிலுமாக நின்றன. ஆத்தா அதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு என் வலது கண்ணு, ஒண்ணு இடது கண்ணு" என்றார்கள். கழற்றிவிட்டேன்.

மஞ்சள் பல்பை வேறு வேறு கடையில் வாங்கினால் இதே கூத்துதான். பெட்டியில் 3000 என்றே இருக்கும், ஒன்று ரோஜாப்பூ பக்கம் சாயும், ஒன்று எலுமிச்சை பக்கம் சாயும். கண்ணில் சேர்ந்து படும் இடத்துக்கு ஒரே கம்பெனி, ஒரே தடவையில், கூட ஒன்று சேர்த்து வாங்குவது நல்லது.

படுக்கையறைக்கு 2700. நீலம் அதிகமுள்ள வெளிச்சம் கண் வழியாக மூளைக்கு 'இன்னும் பகல்தான்' என்று சொல்லும், தூக்கம் தள்ளிப்போகும். ஆத்தா எழுந்து நடக்க, ஜீரோ வாட்ஸ் என்று நாம் சொல்லும் சின்ன பல்பு அரை வாட்டில், ஆரஞ்சு நிறத்தில், கட்டிலுக்குக் கீழே தெரியும்படி. கண்ணில் படக் கூடாது, காலடியில் பட்டால் போதும். சாமி அறையிலும் 2700தான். வெள்ளை பல்பில் குத்துவிளக்குச் சுடர் சோகை பிடித்துக் கிடந்தது. குளியலறைக் கண்ணாடிக்கு நாலாயிரம்.

முகப்பில் மஞ்சள் போட்டால் பூச்சி வராது என்று கடையில் சொல்லியிருந்தார்கள். குறைகிறது, அது உண்மை. பூச்சிகளை அதிகமாக இழுப்பது நீலமும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும்தான். ஆனால் எட்டாம் நாள் சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்ததும் திண்ணையில் ஈசல் அடை அடையாய் வந்து விழுந்தது. ஈசலுக்குக் கெல்வின் கணக்கெல்லாம் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பல்லிகளுக்குத்தான் அன்று விருந்து.

மாத்திரைக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வளவில் ஆத்தா உட்காரும் தூணுக்குப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு, நாலாயிரம், 90 சி.ஆர்.ஐ. மாத்திரை, பஞ்சாங்கம், ஊசி நூல் எல்லாம் அதன் கீழே. வயதான கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இளங்கண்ணுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். எனக்குப் போதுமென்று தோன்றுவது அவர்களுக்குப் போதாது. ஆகவே வீடெல்லாம் வெளிச்சத்தைக் கூட்டாமல் கையருகில் மட்டும் கூட்டினேன். மாத்திரை இப்போது வெள்ளை வெள்ளையாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் தெரிகிறது. இரண்டு கண்ணுக்குமா என்று கேட்டேன். "வலது கண்ணுக்கு" என்றார்கள்.

தை பிறந்ததும் இடது கண்ணுக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகு இந்த மூன்றாயிரம் அவர்களுக்கு எப்படித் தெரியுமோ. வளவுக்கு வேண்டிவந்தால் மாட்ட 2700 நாலும், பழைய 6500 நாலும் ஒரே பெட்டியில் போட்டு, மேலே பேனாவால் எழுதி, பெட்டகத்துக்கு மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.